எந்த ஜாப்புங்க?

லேத் பட்டறைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் படிக்க நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எனக்கு நாலு வார்த்தைதான் வரும். பேசச் சொன்னால் அதுவும் வராது. படிப்பு எட்டாவது. வேலை டர்னர், லேத்தில் இரும்பு கடைகிறவன். பெயர் ரஹீம். பட்டறையில் பாய் என்று கூப்பிட்டால் போதும்.

1. முதல் ஜாப்

முதன்முதலில் வேலை கேட்டுப் போனபோது, எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் சொல்லிக் கொடுத்தார்.

"வேலை வேணும்னு கேக்காதே. ஜாப் வேணும்னு கேளு. அப்பத்தான் மதிப்பாங்க."

கோவையில் உக்கடத்திலிருந்து கணபதி வரைக்கும் பஸ்ஸில் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

ஃபோர்மேன் லேத்தில் குனிந்து நின்றிருந்தார்.

"சார், ஜாப் வேணுங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காலால் காட்டினார். "அந்தா கெடக்குது பாரு. எடுத்துக்க."

வார்ப்பு இரும்பு. குனிந்து எடுத்தேன். நல்ல கனம். எடுத்ததை என்ன செய்வது என்று கேட்கத் தைரியமில்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவர் வேலையை முடித்துவிட்டுத் திரும்பினார்.

"ஏப்பா, இன்னும் போகலியா? வண்டி எங்கே?"

"வண்டி இல்லீங்க."

"டெலிவரி எடுக்க வண்டியில்லாமயா வந்தே? எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லீங்க. வேலைக்கு வந்தனுங்க."

பட்டறையே சிரித்தது. ஆனால் அன்றே சேர்த்துக்கொண்டார். அவ்வளவு நேரம் இரும்பைக் கீழே வைக்காமல் நின்றதற்காகச் சேர்த்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்.

பிள்ளைகளே, முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியில் ஜாப் என்றால் வேலை. பட்டறையில் ஜாப் என்றால் இரும்பு. ராடு, சுழலும் தண்டான ஷாஃப்ட், வார்த்த காஸ்டிங், எதுவானாலும் கடைவதற்கு வந்தால் அது ஜாப். மற்றபடி ஆள் பார்ப்பது வேலை. எனக்கு இது நன்றாகப் பதிந்துவிட்டது. ரொம்பவே நன்றாகப் பதிந்துவிட்டது. அதனால் வந்த கூத்தைத்தான் எழுதுகிறேன்.

2. வெள்ளிங்கிரி ஆள் சேர்த்த விதம்

வெள்ளிங்கிரி என்னோடு ஒரே கம்பெனியில் லேத் ஓட்டியவர். என்னைவிட இளையவர். வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பட்டறை போட்டார். போத்தனூர் பக்கம் ஒரு தகர ஷெட். ஒரு பழைய லேத். ஒரு பழைய டிரில்லிங் மெஷின். ஒரு பம்ப் கம்பெனி ஜாப் கொடுத்தது. காஸ்டிங் அவர்களுடையது. கடைந்து துளை போட்டுத் திருப்பிக் கொடுப்பது இவர்.

காஸ்டிங் எடுத்துவர வண்டியில் போனால் லேத் சும்மா நிற்கும். லேத்தில் நின்றால் காஸ்டிங் வராது. கொஞ்ச நாள் இப்படி ஓடிப் பார்த்தார். பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பாய், நீங்க வந்துருங்க. நானும் ரெண்டாளாப் பார்த்தேன். முடியலைங்க."

போனேன். வெள்ளிங்கிரி எனக்கு வேலை கொடுத்தார் என்று சொல்லலாம். சும்மா நின்ற லேத் கொடுத்தது என்றும் சொல்லலாம்.

நான் கடைந்து போட்டதெல்லாம் டிரில்லிங் மெஷின் பக்கத்தில் குவிந்தது. அந்தச் சமயத்தில்தான் தனலட்சுமி வந்தார். வேலை கேட்டு வரவில்லை. வீட்டு கிரைண்டரின் ஷாஃப்ட் வளைந்துவிட்டது. சரிசெய்யக் கொண்டுவந்தார். காத்திருக்கும் நேரத்தில் வெள்ளிங்கிரி துளை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் சும்மா பார்க்க முடியாது. இன்று வரைக்கும் முடியாது.

"ஏனுங்கண்ணா, அந்தக் கைப்புடியை இப்புடியா அமுத்துவாங்க? டிரில் பிட்டு ஒடைஞ்சிராதா?"

"ஒடையுதுங்க அம்மணி. தெனமும் ஒண்ணு ஒடையுது."

"மெதுவா அமுத்துங்க. மெஷினுமேல என்ன கோவம்?"

"அப்ப நீங்களே வந்து அமுத்துங்க."

"சம்பளம் குடுத்தா அமுத்தறேன்."

தனலட்சுமியின் அப்பா அம்மா காலமெல்லாம் பிறர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். இவர் மறுநாள் காலையில் டிரில்லிங் மெஷின் முன்னால் நின்றார். கிரைண்டர் மட்டும் ரெடியாக ஒரு மாதம் ஆனது. கஸ்டமர் என்றால் அவசரம், நம்ம ஆள் என்றால் பொறுக்கலாம் என்று வெள்ளிங்கிரி தள்ளிப்போட்டுவிட்டார். அந்த ஒரு மாதமும் தினம் காலையில் திட்டு விழுந்தது.

இப்படியே வெள்ளிங்கிரியோடு சேர்த்து ஏழு பேர் ஆனோம். தெருமுனை பேக்கரிக்காரரும் எங்களுக்கு டீ கொண்டுவரத் தனியாக ஓர் ஆள் போட்டார்.

"அந்தாளையும் நம்ம கணக்குல சேர்த்துக்கலாமுங்களா பாய்?" என்று வெள்ளிங்கிரி கேட்பார்.

"டீயைக் குடிச்சுப்போட்டு எந்திரிங்க" என்பார் தனலட்சுமி.

3. வெள்ளைச் சட்டை

பம்ப் கம்பெனி புது மெஷின்கள் வாங்கியது. எங்களுக்குக் கொடுத்த ஜாப்பை அவர்களே செய்துகொண்டார்கள். நாங்கள் லேத்தைத் துடைத்தோம். மறுநாளும் துடைத்தோம். அந்த லேத் அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

வெள்ளிங்கிரி எங்கெங்கோ அலைந்து சென்னையில் ஒருவரைப் பிடித்தார். ஆனந்த் சார். சின்னக் கம்பெனிகளில் பணம் போடுகிறவர். பட்டறையைப் பார்க்க வருகிறேன் என்றார்.

"அவரு பணம் போட்டா கம்ப்யூட்டர்ல ஓடற சிஎன்சி மெஷின் ரெண்டு வாங்கலாமுங்க. பெரிய கம்பெனி ஜாப் வரும். இல்லைன்னா பூட்டுத்தான். அவரு வர்றப்ப எல்லாரும் வேலை செய்யற மாதிரி இருங்க" என்றார் வெள்ளிங்கிரி.

"வேலையே இல்லீங்களே?" என்றார் தனலட்சுமி.

"அதனாலதான் அம்மணி மாதிரின்னு சொன்னேன்."

அவர் வந்தது வெள்ளிக்கிழமை. நான் ஜும்மா தொழுதுவிட்டு வெள்ளைச் சட்டையோடு அப்போதுதான் பட்டறைக்குள் வந்திருந்தேன். வெள்ளிங்கிரி காருக்கு இடம் ஒதுக்க ரோட்டில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். ஆனந்த் சார் முதலில் இறங்கி உள்ளே வந்துவிட்டார். உயரமான ஆள். சின்ன வயதுதான். சுற்றிப் பார்த்தார். பட்டறையில் எண்ணெய் படாத சட்டை என்னுடையது ஒன்றுதான். நான்தான் மேனேஜர் என்று முடிவு செய்துவிட்டார். கை கொடுத்தார்.

"வணக்கம் சார். இங்க நீங்க எத்தனை ஜாப் கிரியேட் பண்றீங்க?"

என்னை யாரும் சார் என்றதில்லை. நின்று யோசித்துச் சொன்னேன்.

"கரண்ட் இருந்தா ஒரு நாளைக்கு நூறு ஆகுங்க."

"ஒரு நாளைக்கா?"

"டூல் நல்லா இருந்தா இன்னும் கொஞ்சம் கூட ஆகும்."

அவர் மறுபடியும் ஷெட்டைப் பார்த்தார். ஏழு பேர் நிற்கவே இடம் பத்தாது.

"சரி... செலக்‌ஷன் எல்லாம் யாரு பண்றாங்க?"

"நான்தானுங்க. கேஜ் வெச்சு அளவு பார்ப்பேன். நொழைஞ்சா எடுத்துக்குவோம். நொழையலைன்னா ரிஜெக்ட்."

"ரிஜெக்ட் ஆனா என்ன பண்ணுவீங்க?"

"பெருசா இருந்தாப் பரவாயில்லைங்க. மறுபடியும் மாட்டிச் சீவிருவோம். சின்னதாப் போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க. ஸ்கிராப்புத்தான்."

"ஸ்கிராப்னா... வீட்டுக்கு அனுப்பிருவீங்களா?"

"ஊட்டுல வெச்சு என்னங்க பண்றது? உருக்கறதுக்குப் போயிரும்."

தனலட்சுமி டிரில்லிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஆனந்த் சார் நினைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"லேடீஸுக்கும் வாய்ப்பு குடுக்கறீங்க. நல்ல விஷயம் சார். அவங்க என்ன பண்றாங்க?"

"நான் முடிச்சு அனுப்பற ஜாப்புல எல்லாம் அந்தம்மாதானுங்க ஓட்டை போடும்."

அதற்கு மேல் தனலட்சுமியால் முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டார்.

"சார்... சார்... அவரு இரும்பைச் சொல்றாருங்க. நீங்க ஆளைச் சொல்றீங்க."

அந்த நேரம் பார்த்து வெள்ளிங்கிரி உள்ளே வந்தார். என்ன நடந்தது என்று தனலட்சுமி சொன்னார். சிரிப்புக்கு நடுவே சொன்னதால் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதிக்கே வெள்ளிங்கிரி முகம் செத்துப்போனது. போச்சு, வந்தவர் இப்படியே காரில் ஏறிவிடுவார் என்று நினைத்தார். ஆனந்த் சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நல்ல மனிதர். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

4. கடைசி பஜ்ஜி

பேக்கரியிலிருந்து டீயும் பஜ்ஜியும் வந்தது. சிரித்ததில் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது.

"பணம் போடறவங்கதான் வேலை உருவாக்கறாங்கன்னு மேடையில பேசுவாங்க. நானே பேசியிருக்கேன்" என்றார் ஆனந்த் சார். "ஆனா உண்மையில உங்களை மாதிரி ஆளுங்கதாங்க."

"ஐயோ, நாங்க என்னங்க சார், கடைஞ்சு குடுக்கறோம். உங்களை மாதிரி பெரியவங்கதானுங்க" என்றார் வெள்ளிங்கிரி.

"இல்லைங்க, நீங்கதான்."

"நீங்கதானுங்க சார்."

தட்டில் ஒரே ஒரு பஜ்ஜி மிச்சமிருந்தது. அதையும் இதே மாதிரிதான் இவர் அவர் பக்கம் தள்ள, அவர் இவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். தனலட்சுமி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆறிப்போச்சுன்னா அப்புறம் ரெண்டு பேருமே திங்க மாட்டீங்க."

பிறகு ஆனந்த் சார் லேப்டாப்பை எடுத்தார். வைக்க இடமில்லை. ராடு அறுக்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் தாங்குவதற்கு எங்களிடம் ஒரு ஸ்டூல் உண்டு. ஒருவர் அதைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டார். ஆனந்த் சார் லேப்டாப்பை அதன்மேல் வைத்துப் படம் காட்டினார். இரண்டு சிஎன்சி மெஷின். இதுவரை செய்ததைப்போல மூன்று மடங்கு செய்யலாம் என்றார்.

"ஆளுங்க?" என்று வெள்ளிங்கிரி கேட்டார்.

"மூணு பேர் போதும்."

டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அந்த மூன்று பேர் யாராக இருக்கும் என்று யோசித்தேன். வெள்ளிங்கிரி இருந்தாக வேண்டும். எங்களில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் வேண்டும். நான் இல்லை. தனலட்சுமியும் இல்லை. அவரும் அதைத்தான் யோசித்திருப்பார். பஜ்ஜி தின்ற கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"வேலை உருவாக்கறதுன்னீங்களே சார்" என்றார்.

"முதல்ல கொறையும்மா. பின்னால கூடும்."

"பின்னாலன்னா எந்தப் பக்கமுங்க?"

ஆனந்த் சார் லேப்டாப்பில் அடுத்த படத்தைத் தட்டினார். அவர் சொன்னது பொய்யில்லை. வேறு ஊரில் எங்காவது வேலை கூடியிருக்கலாம். வெள்ளிங்கிரி தரையைப் பார்த்தார். சரி என்றால் நாலு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். வேண்டாம் என்றால் ஏழு பேரும் போக வேண்டியிருக்கும்.

5. சாக்கு

வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது.

"ஏனுங்க! ஆளிருக்கறீங்களா?"

கிணத்துக்கடவிலிருந்து ஒரு விவசாயி. சாக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் கொட்டினார். பம்ப் ஷாஃப்ட். இரண்டு துண்டாக உடைந்திருந்தது.

"தண்ணி எடுக்காமக் கெடக்குதுங்க. தென்னங்கன்னு அத்தனையும் வாடுது. டவுனெல்லாம் சுத்திப்போட்டேன். இந்த மாடல் இப்ப வர்றதில்லை, புதுப் பம்பு வாங்குங்கறாங்க. இந்தப் பம்புக்கு என்னங்க கொறைச்சல்? ஒடைஞ்சது ஒண்ணைத் தவிர?"

வெள்ளிங்கிரி இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பதில் அதுதான்.

ஷெட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ரொம்ப நாள் கழித்து ஒரு ஜாப். ஒருவர் புது ராடைத் தூக்கிவந்து, இரும்பு அறுக்கும் ஹேக்ஸா மெஷினில் மாட்டினார். நீள ராடு. மறு முனை தொங்கியது. ஸ்டூல் வேண்டும். ஸ்டூல் மேல் லேப்டாப். லேப்டாப்பை எடுத்து வைக்க எண்ணெய் இல்லாத இடம் பட்டறையில் கிடையாது.

ஆனந்த் சார் அதைப் பார்த்தார். "ராடு முனையை நானே புடிக்கறேன்" என்றார்.

பிடித்தார். ராடு அறுபட நேரமாகும். நகராமல் பிடித்தார். பிளேடு சூடாகாமல் ஊற்றும் கூலண்ட் தெறித்துச் சட்டை நனைந்தது. விவசாயி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"தம்பி வேலைக்குப் புதுசுங்களா?"

"ஆமாங்க. இன்னிக்குத்தான்."

"எந்த ஊருங்க?"

"சென்னைங்க."

"அங்கிருந்தா வேலை தேடி இங்க வந்திருக்கறீங்க? செரி, இருங்க. இங்க கத்துக்கலாம். கொஞ்சம் எறக்கிப் புடிங்க கண்ணு, பிளேடு ஒடைஞ்சா உங்க மொதலாளி வைவாரு."

ஆனந்த் சார் கொஞ்சம் இறக்கிப் பிடித்தார். முதலாளி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் கடைந்தேன். பழைய ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. தேயாத இடமாகப் பார்த்து அளவெடுத்தேன். பேரிங் உட்காரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் மைக்ரோமீட்டர் வைத்தேன். இன்னொருவர் கீவே என்கிற காடியை வெட்டினார். தனலட்சுமி துளை போட்டார். பொழுது சாய்வதற்குள் புது ஷாஃப்ட் சாக்குக்குள் போனது. விவசாயி எல்லாரையும் கும்பிட்டார். ஆனந்த் சாரையும் சேர்த்து.

6. சீவினால் திரும்பாது

ஆனந்த் சார் சோப்புப் போட்டுக் கை கழுவினார். மரத்தூள் போட்டுத் தேய்த்தார். கறை போகவில்லை.

"நல்லா இருந்துச்சுங்க. ஆனா இப்படி ஒத்தை ஒத்தை ஷாஃப்டா செஞ்சு பட்டறை நடத்த முடியாது" என்றார். அதுவும் சரிதான்.

"தெரியுதுங்க சார்" என்றார் வெள்ளிங்கிரி. கொஞ்ச நேரம் துணியில் கை துடைத்தார். "ஆனா மூணு பேருன்னா வேண்டாமுங்க."

"ஏங்க?"

"நீங்க வந்தப்ப பாய் சொன்னதா அம்மணி சொன்னாங்களே. பெருசா இருந்தா எப்ப வேணும்னாலும் சீவிக்கலாம். சின்னதாப் போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. இன்னிக்கு இவங்களைச் சீவிப்போட்டேன்னா நாளைக்கு எங்கிருந்துங்க ஒட்ட வெக்கறது?"

நான் இரும்பைச் சொன்னேன். அவர் ஆளைச் சொன்னார். இந்தத் தடவை தனலட்சுமி சிரிக்கவில்லை.

ஆனந்த் சார் தலையை ஆட்டினார். "அப்படின்னா என்னால பணம் போட முடியாதுங்க."

"பரவாயில்லைங்க சார். நீங்க இத்தனை தூரம் வந்ததே பெருசு. டீ இன்னொண்ணு சாப்பிட்டுப் போங்க."

கார் வரைக்கும் கூடப் போய், ரோட்டில் இரண்டு பக்கமும் வண்டியை நிறுத்தி, ரிவர்ஸ் பார்த்துக் கொடுத்து அனுப்பினார். பணம் தர மாட்டேன் என்றவரை இப்படி வழியனுப்பும் ஊர் எங்கள் ஊர்.

அதற்குப் பிறகு சில மாதம் சிரமம். முறை வைத்து வேலைக்கு வந்தோம். இன்று சிலர், நாளை சிலர். கூலியும் அப்படித்தான். வெள்ளிங்கிரி இதைச் சொல்ல வாயெடுத்தபோதே தனலட்சுமி முந்திக்கொண்டார்.

"செரி செரி, கண்ணைத் தொடைங்க. ஊட்டுல எனக்கு வேலை இல்லைன்னா நெனைச்சீங்க?"

கிணத்துக்கடவில் தண்ணீர் ஓடியது. அந்த விவசாயி பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். சாக்குகள் வர ஆரம்பித்தன. பொள்ளாச்சி ரோட்டிலிருந்து வந்தது. அவிநாசிப் பக்கமிருந்தும் வந்தது. பழைய பம்ப், பழைய மோட்டார். எதற்கும் டிராயிங் கிடையாது. சாக்கைக் கொட்டினால் அதுதான் டிராயிங். முறை வைத்து வந்தது நின்றது. மறுபடியும் ஏழு பேரும் எல்லா நாளும் வந்தோம். லேத் அழுக்கானது.

7. இரண்டு ஜாப்பும்

ஒரு நாள் ஆனந்த் சார் எனக்கே போன் செய்தார்.

"பாய், ஒரு ஜாப் இருக்குமா?"

நான் ஒரு தடவை பட்டவன். இரண்டு தடவை பட்டவன் என்றும் சொல்லலாம். "எந்த ஜாப்புங்க?" என்றேன்.

மறுமுனையில் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரமானது. விஷயம் இதுதான். இன்னொரு கம்பெனியில் அவர் பணம் போட்டிருந்தார். மெஷின் வந்தது. அங்கே நல்ல கைக்காரரான ஒரு டர்னருக்கு வேலை போய்விட்டது. இவருக்கு மனசு கேட்கவில்லை.

"ஆளு ஜாப்புத்தான் பாய்."

வெள்ளிங்கிரியைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கையால் ஏதோ காட்டினார்.

"அனுப்புங்க சார். கூடவே இரும்பு ஜாப்பும் அனுப்பணுமாம்."

இரண்டையும் அனுப்பினார். அந்த மெஷினில் போடக் கட்டுப்படியாகாத உருப்படிகள் இப்போது எங்களிடம் வருகின்றன. எட்டுப் பேர் ஆகிவிட்டோம். ஆக, ஆனந்த் சாரும் எங்கள் பட்டறையில் ஒரு வேலை உருவாக்கிவிட்டார். வேறொரு இடத்தில் அதைப் போக்கிவிட்டுத்தான். ஆனாலும் கணக்கில் வைத்திருக்கிறோம்.

பணக்காரர் வேலை உருவாக்குகிறாரா, பட்டறைக்காரர் உருவாக்குகிறாரா என்று பிள்ளைகள் கேட்பீர்கள். பெரியவர்கள் மேடையில் பேசட்டும். பணமும் வேண்டும், பட்டறையும் வேண்டும். வெள்ளிங்கிரி மாதிரி சீவாமல் கை நிறுத்தத் தெரிந்தவரும் வேண்டும். எல்லாம் இருந்தும் நாங்கள் லேத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. தண்ணீர் வராமல் ஒருவர் சாக்கோடு வாசலுக்கு வந்தார். அன்றைக்குத்தான் எல்லாரும் எழுந்தோம். வாசலில் மொபெட் நின்றால் முதலில் எழுந்து போங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கிணத்துக்கடவுக்காரர் இன்றும் வருகிறார். போன வாரம்கூட வந்தார். வந்ததும் ஹேக்ஸா மெஷின் பக்கம் பார்ப்பார்.

"எங்கீங்க அந்த ஒசரமான தம்பி?"

"லீவுங்க" என்றார் தனலட்சுமி, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"நானும் எப்ப வந்தாலும் லீவுங்கறீங்க." என் பக்கம் திரும்பினார். "ஆனா நல்லாப் புடிக்கற பையனுங்க பாய். லீவு போடறான்னு நிறுத்திப்போடாதீங்க."

"நாங்க யாரையும் நிறுத்தறதில்லைங்க" என்றேன்.